பணிக்குறிப்பு மென்பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பேரையூர் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்தில் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து வாங்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். திரும்பும்போது பருத்திக்கு மருந்து வாங்கிவரும்படி வீட்டில் சொல்லியிருப்பார்கள். மருந்து ஒருநாள் தாமதித்தால் ஏச்சுடன் போகும். கட்டணத் தேதி தவறினால் அபராதம். அபராதத் தேதியும் தவறினால் அந்தப் பருவத் தேர்வே கைவிட்டுப் போகும். இவற்றையெல்லாம் மனத்திலேயே சுமப்பதற்குப் பதிலாகக் கைப்பேசியில் குறித்துக்கொள்ள நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? நிறத்தையும் அழகையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே மிகுதி.

முதலில், பணிப்பட்டியல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூன்று வேலைகள் உள்ளன. விண்ணப்பத்திற்கு 1 மணி, கணக்குப் பயிற்சிக்கு 2 மணி, ரெக்கார்டுக்கு 6 மணி நேரம் தேவை. எந்த வரிசையில் செய்தாலும் மொத்தம் 9 மணிதான். ஆனால் பெரியதை முதலில் செய்தால் வேலைகள் 6, 8, 9 ஆகிய மணிகளில் முடிகின்றன. சராசரி ஏறத்தாழ 7.7. சிறியதை முதலில் செய்தால் 1, 3, 9. சராசரி ஏறத்தாழ 4.3 மட்டுமே. எனவே சிறியதே முதலில் என்று முடிவுகட்டலாமா? ரெக்கார்டை 7ஆம் மணிக்குள்ளும் மற்ற இரண்டையும் 9ஆம் மணிக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறியதை முதலில் செய்தவரின் ரெக்கார்டு 2 மணி நேரம் தாமதமாகிவிடும். கெடு முந்தியதை முதலில் செய்தவருக்கு எதுவும் தாமதமாவதில்லை. மிக அதிகமான தாமதத்தை இயன்றவரை குறைக்கும் வரிசை இதுவே என்பதை ஜாக்சன் என்பவர் 1955இல் நிறுவினார். சராசரி பற்றிய விதியை ஸ்மித் 1956இல் தந்தார். இரண்டும் தொழிற்கூட இயந்திரங்களுக்காகப் பிறந்தவை. ஆனால் மாணவரின் மேசைக்கும் பொருந்துகின்றன.

ஆகவே, பணிகளைக் கெடுத்தேதிப்படி வரிசைப்படுத்த இயலாத மென்பொருளை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது, குறிப்புகள் எங்கே, எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்பது. இதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். பெர்லின் நகரில் உருவாகி 2010இல் வெளிவந்த ‘வுண்டர்லிஸ்ட்’ பலராலும் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. 2015இல் அதை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2020 மே மாதம் அது மூடப்பட்டது. பயன்படுத்தியவர்கள் தம் பட்டியல்களை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. மாற்ற வழி இருந்ததால் பிழைத்தார்கள் எனலாம். மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு; நம் குறிப்பு அதனுடன் சேர்ந்து சாகலாமா?

தமிழர்களுக்கு இந்த இடர் புதிதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அது இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். இதைச் சீர்செய்ய 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், தமிழ்நாடு அரசு அதை 2010இல்தான் ஏற்றது. பழைய கோப்புகளைப் படிக்க இன்றும் குறிமாற்றி தேவைப்படுகிறது.

எனவே ஒருங்குறியில் அமைந்த வெற்று உரைக்கோப்பாகக் குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். இடம் பற்றிக் கவலை வேண்டாம். பரவலாக வழங்கும் யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். குறிப்பு ஒன்றுக்கு 60 குறிகள் எனில் ஆயிரம் குறிப்புகளுக்கு 1,80,000 பைட்டுகள். ஒரு புகைப்படம் பிடிக்கும் இடம்கூட இல்லை. கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலாளர் 2003இல் தொடங்கிய ‘ஆர்க் மோட்’, ஜினா டிரபானி 2006இல் தந்த ‘டுடூ.டிஎக்ஸ்டி’ ஆகியவை முழுக்க உரைக்கோப்பையே நம்பியிருக்கின்றன. முன்னதைக் கற்கப் பொறுமை வேண்டும். எல்லோருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊர்ப்புறத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேருந்து செல்லும் வழியெங்கும் சிக்னல் ஒரே சீராக இருப்பதில்லை. நல்ல மென்பொருள் குறிப்பை முதலில் கைப்பேசியிலேயே எழுதிவைத்து, இணைப்புக் கிடைத்ததும் மையக் கணிப்பொறிக்கு அனுப்பும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிக்னல் இல்லாத பேருந்தில் கட்டணத் தேதியை 12 என்று திருத்துகிறீர்கள். சற்று நேரத்தில் கல்லூரிக் கணிப்பொறியில் அதே குறிப்பை 15 என்று மாற்றுகிறீர்கள். இரண்டும் சந்திக்கும்போது எது நிற்கும்? பல மென்பொருள்கள் நேரமுத்திரையை ஒப்பிட்டுப் பிந்தியதை வைத்துக்கொள்கின்றன. முந்தியது சத்தமின்றி மறைந்துவிடும். கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருந்தால் பழைய திருத்தமே வென்றுவிடவும் கூடும். சில மென்பொருள்கள் இரண்டையும் காட்டி நம்மையே கேட்கும். அவையே மேல்.

தமிழில் தேடவும் வரிசைப்படுத்தவும் வருகிறதா என்பதையும் சோதியுங்கள். ஒருங்குறி அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து வைக்கப்பட்டுள்ளது. எண் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருள், ‘வயல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வனம்’ என்பதைக் கொண்டுவந்து நிறுத்தும். நம் நெடுங்கணக்கை அறிந்த மென்பொருள் இதைச் சரியாகச் செய்யும்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். கைப்பேசியை விமான நிலையில் வைத்துத் தமிழில் ஐந்து பணிகளைத் தேதியுடன் எழுதுங்கள். மூடித் திறந்து பாருங்கள். தேதிப்படி அடுக்குங்கள். பிறகு இணைப்பைத் தந்து, எல்லாவற்றையும் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு செயலியில் திறந்து படியுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் ‘நோட்புக்’ ஆனாலும், கைப்பேசியுடன் வரும் கூகுளின் ‘கீப்’ ஆனாலும் இதே சோதனைதான்.

கையில் பத்துக்கும் குறைவான பணிகளே உள்ளவருக்குச் சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டே போதும். மணியடித்து நினைவூட்ட மட்டும் அதனால் இயலாது; அதைக் கைப்பேசியின் அலாரம் பார்த்துக்கொள்ளும்.