கேளுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள்

அலுவலகத்தில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்பது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டவர்கள்தான் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு வங்கிக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். மளமளவென்று கேஷ் டேலி பண்ணிவிட்டுக் கிளம்புகிறவர், இப்போது ஒரே கட்டை நாலு தடவை எண்ணுகிறார். டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறது. திங்கள்தோறும் லீவு. டீ குடிக்கக் கூப்பிட்டால், "நீங்க போங்க, வேலை இருக்கு." கடன் தொல்லையா, வீட்டில் சண்டையா, குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று டீக்கடையில் அலசல் மட்டும் நடக்கும். அலசுகிறவர்களில் ஒருவராவது எழுந்துபோய் அவரிடமே கேட்கலாம்.

ஒரு நாள் இரண்டு நாள் வாட்டம் யாருக்கும் வரும். தூக்கம், பசி, வேலை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்துகிடந்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

கேட்பதற்கு உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் நடுவில் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழி போதும். "சார், கொஞ்ச நாளா நீங்க பழையபடி இல்லையே. ராத்திரி தூங்குறீங்களா?" என்று கண்ணில் பட்டதை வைத்தே தொடங்கலாம். 'டிப்ரஷன்' என்று பெயர் சூட்டுவது மருத்துவர் வேலை. முதல் தடவை "ஒண்ணுமில்லை" என்பார். விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பேச ஆரம்பித்ததும் "உங்களுக்கென்ன சார் குறை, பேங்க் உத்தியோகம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கப்புறம் வாயே திறக்கமாட்டார். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது அவரவர் நம்பிக்கை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகச் சொல்வதுதான் வினை.

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, ஆசையாய் வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, சுற்றி வளைக்காதீர்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. பலருக்கு அதுதான் முதன்முதலாய் மூச்சு விடக் கிடைக்கும் இடம். ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது. 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று சத்தியமே வாங்கியிருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் வீட்டாரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். 14416, டெலி மனஸ்: 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசு உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நண்பர்களும் அழைத்து யோசனை கேட்கலாம். சென்னையில் 1986 முதல் ஸ்நேகா அமைப்பு இதே பணியைச் செய்துவருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நிலை. அதற்கு முன்பே, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்லி, சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைத்தது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது அதே சட்டம் தரும் உரிமை.

சிகிச்சை விவரத்தை ரகசியமாய்க் காப்பது மருத்துவமனையின் கடமை. நம்மை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால்தான் நாம் கூடுதல் கவனமாய் இருக்க வேண்டியிருக்கிறது. நல்லெண்ணத்தில் மேனேஜர் காதில் போடும் ஒரு வார்த்தை அவருடைய பதவி உயர்வுக்கே தடையாய்ப் போய் நிற்கும். சொல்ல வேண்டும் என்றால் அவரைக் கேட்டுவிட்டு, லீவுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

வேலை போய்விடுமா என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் மனநோயும் உண்டு. அரசு நிறுவன ஊழியர் பணிக்காலத்தில் அந்த நிலைக்கு ஆளானால், அதற்காக அவரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது. தனியார் நிறுவனத்தில் இந்தப் பிடி இவ்வளவு இறுக்கமில்லை. அங்கே லீவு விண்ணப்பம், மருத்துவச் சான்று, நிர்வாகத்தின் பதில் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் ராஜினாமாக் கடிதம் கேட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 சட்டம். ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் செலவு கையிலிருந்துதான் போகும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மனம் சோர்ந்திருப்பவருக்கு இந்த ஃபாரமெல்லாம் மலையாய்த் தெரியும். பக்கத்து சீட்டுக்காரர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் அரைமணி நேர வேலை.