தூண்டிலும் மண்புழுவும்

ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைக் கண்டால், “வேலையற்றவன்” என்று சொல்லிவிட்டுப் போவது நம்மில் பலருக்கு வழக்கம். அவன் அசையாமல் இருப்பதை மட்டுமே நாம் காண்கிறோம். நீரோட்டத்தின் போக்கு, பருவம், மீனின் குணம், புழுவின் குணம் ஆகிய நான்கையும் பற்றிய அறிவு அந்த அசையாமைக்குள் அடங்கியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைக் குறித்துச் சொல்ல வந்த திருவள்ளுவர், தூண்டில் முள்ளை விழுங்கிய மீனையே உவமையாக எடுத்துக்கொண்டார். ஆகவே, இந்தக் கலை நமது நாட்டுக்கு நேற்று வந்ததன்று.

காவிரிக் கரை ஊர்களில் இதற்கு வேண்டிய முஸ்தீபுகள் சொற்பமே. ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், ஓர் ஈயக் குண்டு, மயிலிறகுத் தண்டிலோ நெட்டியிலோ செய்த தக்கை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இரை. வாழைக் கொல்லையிலும், கிணற்றடி வாய்க்கால் ஓரத்திலும், எருக்குழியின் அருகிலும் சிறிது தோண்டினால் மண்புழு கிடைக்கும். அதைக் கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு போட்டு, இலையால் மூடி, நிழலில் வைத்துக்கொள்வார்கள். இதற்குத் தக்க காரணம் உண்டு. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலினாலேயே அது சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் அதன் உயிரும் போய்விடும்.

1653-ல் ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட தூண்டில் நூலில், புழுக்களைப் பாசியில் வைத்துக் காக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்நூல் இன்றளவும் இலக்கியமாகப் போற்றப்படுகிறது. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த தாமஸ் என்ற துரை, இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகம் எழுதினார். நமது கரையோரத்துப் பெரியவர்களோ புத்தகம் எழுதவில்லை. பேரனின் கையில் கழியைக் கொடுத்தார்கள். ஏட்டில் ஏறாத காரணத்தினால் அது சாஸ்திரம் அல்ல என்று ஆகிவிடுமா?

புழு உயிரோடு இருந்தால் மீன் ஏன் விரைந்து வருகிறது? மீனின் இரு விலாவிலும் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுகிறது. நீரில் எழும் சிறு அதிர்வையும் அந்தக் கோட்டிலுள்ள உறுப்புகள் உணரும். முள்ளில் கோத்த புழுவின் வால் நுனியைச் சற்றுத் தொங்கவிடுவதன் ரகசியம் இதுதான். அந்த நுனி நெளிவதே மீனுக்கு அழைப்பு. கெளுத்திக்கோ மீசையில் மட்டுமின்றி உடம்பின் தோலிலும் சுவை அறியும் உறுப்புகள் உண்டு. கண் பயன்படாத கலங்கல் நீரிலும் அது இரையைக் கண்டுகொள்ளும். புதுவெள்ளத்தில் கரை மண்ணோடு புழுக்களும் ஆற்றில் விழுவதால், மீனுக்கு இது பழகிய ஆகாரமும் ஆகும். பிடிபட்ட கெளுத்தியைக் கழற்றும்போது குழந்தைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதன் துடுப்பு முள் குத்தினால் வெகுநேரம் கடுக்கும்.

இங்கே ஒரு தர்ம சங்கடம் எழுகிறது. உயிருள்ள பிராணியை முள்ளில் குத்துவது முறையா? சைவ உணவு கொள்ளும் நேயர்கள் மட்டுந்தான் இவ்வாறு கேட்பார்கள் என்று எண்ண வேண்டாம். உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் சிறு வயதில் தூண்டிலில் மிகுந்த பிரியம் உள்ளவர். உப்பு நீரில் போட்டுப் புழுவைக் கொன்றுவிடலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்ட நாள் முதல், அவர் உயிருள்ள புழுவை முள்ளில் கோத்ததே இல்லை. அதனால் மீன் சற்றுக் குறைந்திருக்கலாம் என்பதையும் தமது சுயசரிதையில் அவர் ஒப்புக்கொள்கிறார்.

அதே டார்வின் 1881-ல், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில், மண்புழுவைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல பாகங்களில், ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்றின் வழியாகச் சென்று மேலே வருகிறது என்று அதில் கணக்கிட்டார். கூலி கேளாத உழவன் ஒருவன் நிலத்துக்கு அடியில் இருக்கிறான் என்பதை நமது குடியானவர்களும் அறிவார்கள். ஆகவே, ஒரு வேளைத் தூண்டிலுக்காகக் கொல்லை முழுவதையும் கிளறுவது அழகன்று. பத்துப் பதினைந்து புழு போதும்.

மிச்சமான புழுவை என்ன செய்வது? இந்தச் சின்னக் கேள்வி வட அமெரிக்காவில் பெரிய கேள்வியாகிவிட்டது. பனியுகத்துக்குப் பின் மினசோட்டா முதலிய பிரதேசங்களின் காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. ஐரோப்பியர் குடியேறியபோது அவர்களுடைய செடிகளோடும் மண்ணோடும் அந்நியப் புழுக்கள் வந்தன. பிறகு தூண்டில்காரர்கள் ஏரிக்கரைகளில் கொட்டிய மிச்ச இரையினால் அவை காட்டுக்குள்ளும் பரவின. தரையை மூடியிருந்த சருகுப் படுகையை அவை தின்று தீர்க்கவே, அதை நம்பியிருந்த பூச்செடிகளும் இளங்கன்றுகளும் நலிந்துவருகின்றன. வயலுக்கு நண்பனாக உள்ளவன் காட்டுக்குப் பகைவனானான்!

நமக்கும் இதில் பாடம் உண்டு. மண்புழு உரம் தயாரிப்பதற்காக ஆப்பிரிக்கப் புழு வகை ஒன்று இப்போது நமது நாட்டில் பரவலாக வளர்க்கப்படுகிறது. உரத் தொட்டியில் அது நல்ல வேலைக்காரன். அதையே இரையாக மலை ஓடைக்குக் கொண்டுபோய், மிச்சத்தைக் காட்டோரத்தில் கொட்டிவிட்டு வருவது தகாது. எந்த மண்ணில் எடுத்தோமோ அந்த மண்ணிலேயே திரும்ப விடுவதே முறை.

விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், கழியோடு இந்த மூன்று நியமங்களையும் அவர்களிடம் கொடுத்தனுப்புவார்களாக: வேண்டிய அளவே தோண்டு, குழியை மூடு, மிச்சத்தை எடுத்த இடத்தில் சேர். மீன் கிடைக்காத நாளிலும் இப்படிப்பட்ட பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை.