எலுமிச்சை இலை காட்டும் குறிகள்

எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடி போன்ற இடங்களில், நன்றாய்ப் பேணிய மரம் பல்லாண்டு காலம் குடும்பத்தைத் தாங்கும் முதலாகும். ஆயினும், இலை மஞ்சளித்த மாத்திரத்தில் காரணம் ஆராயாது, சங்கத்தில் கடன் பெற்று யூரியாவைக் கொட்டுவோர் உளர். மஞ்சள் நிறம் ஒன்றேயாயினும் அதன் காரணங்கள் பல. காரணம் தவறின் மரமும் தேறாது; கடனும் அடையாது.

முதலிற் கவனிக்கவேண்டியது, மஞ்சளித்தது முதிர்ந்த இலையா, கொழுந்தா என்பதாம். தழைச்சத்தும் மக்னீசியமும் குறையுமாயின், மரம் அவற்றைப் பழைய இலைகளினின்றும் எடுத்துத் தளிர்களுக்கு அனுப்பும். ஆதலால் முதிர்ந்த இலைகளே முன்னர் வெளிறும். இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. காம்பையடுத்த பாகம் மட்டும் ஆப்பு வடிவில் பசுமை மாறாதிருப்பின் மக்னீசியக் குறை.

இரும்பும் துத்தநாகமும் எளிதில் இடம் பெயரா; அவற்றின் குறை கொழுந்திலே தோன்றும். நரம்புகள் பச்சை வலைபோல் நிற்க, ஏனைய பாகம் வெளுப்பது இரும்புக் குறை. இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நடுநரம்பின் இருபுறமும் ஒத்த மஞ்சள் திட்டுகள் காண்பது துத்தநாகக் குறை. இருபுறமும் ஒவ்வாத திட்டுகளாயின் கிருமியால் வந்த நோயெனச் சந்தேகித்து, வேளாண்மை அதிகாரிக்குக் காட்டவேண்டும். அந்நோய் உரத்தால் தீராது. நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும். அங்கே வேண்டுவது வடிகாலேயன்றி உரமன்று.

துத்தநாகக் குறைக்கு, 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, மார்ச்சு, ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத்தளிர் விட்டபின் தெளிக்கலாம். பழைய இலையைப் பாராது, அடுத்த தளிரைப் பார்த்தே பலனை அறியவேண்டும்.

கவாத்துச் செய்வதிலும் நிதானம் தேவை. உணவு சமைப்பது இலையே. ஆகையால் மெலிந்த மரத்தின் பசுங்கிளைகளை அதிகம் வெட்டுவது, பசித்தவன் கையிலிருக்கும் சோற்றைப் பறிப்பதற்கு ஒப்பாகும். முதலிற் குறையைத் தீர்த்து மரத்தைத் தேற்றுதல் நன்று. பட்ட கிளைகள், நோயுற்ற கிளைகள், நேரே மேலெழும் நீர்ப்போத்துகள், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்துக்குள் கிளைப்பவை ஆகியவற்றை நீக்கினாற் போதும். ஒட்டுச் செடியாயின் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை விட்டுவைக்கலாகாது. வெட்டுவாயில், மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் சேர்ந்த பசையைப் பூசவேண்டும்.

உரக்கடனுக்கு மனுச் செய்யுமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தைச் சுற்றி வந்து, முதிர்ந்த இலையையும் கொழுந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.