கடலில்லா ஊரில் ஒரு கடற்கரை உறவு

தர்மபுரி ஜில்லாவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காவிரி உண்டு, தென்பெண்ணை உண்டு, ஏரிகள் உண்டு. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலமும் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனாலும் கோடியக்கரைச் சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான்களுக்கு உறவுக்காரப் பறவை ஒன்று இந்தக் கல்லாங்காட்டிலே குடித்தனம் நடத்துகிறது. அதுதான் ஆள்காட்டிக் குருவி.

பெயர்தான் குருவி, உருவத்தில் புறாவுக்கு இளைத்ததல்ல. நெடிய மஞ்சள் கால்கள், கறுத்த தலை, பழுப்பு முதுகு, கண்ணுக்கு முன்னால் குங்குமம் இட்டாற்போல் ஒரு சிவப்புச் சதை. யார் தலை தெரிந்தாலும், "ஆள் வருகிறது! ஆள் வருகிறது!" என்று ஊருக்கெல்லாம் சொல்வதுபோல் கூச்சலிடும்.

இத்தனை கூச்சல் எதற்கு? அதன் வீட்டுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, அதனால்தான். மார்ச் முதல் ஆகஸ்டு வரை, வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட அந்த முட்டைகளுக்கும் சுற்றிலுமுள்ள கூழாங்கற்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சித்திரை வெயிலில் அந்தத் தரை, அடுப்பிலேற்றிய தோசைக்கல்தான்! சூடு கொடுப்பதற்காகத்தானே பறவைகள் அடைகாக்கும்? இங்கே நடுப்பகலில் கதை நேர்மாறு. முட்டை வெந்துவிடாமல் காப்பாற்ற வேண்டும். ஆகவே பறவை நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு, ஈரத்தோடு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். தாய் மட்டுமல்ல, தகப்பனும் முறை போட்டு அடைகாக்கும். (சகோதரிகள் இந்த வரியை வீட்டில் உரக்கப் படிக்கலாம்!) ஏறக்குறைய நான்கு வாரம் இந்தத் தவம். பொரித்த குஞ்சுகள் வெகு சீக்கிரமே நடக்கும். பெற்றோர் குரல் கொடுத்தால் தரையோடு தரையாய்ப் பதுங்கிவிடும்.

பஞ்சதந்திரத்தில், முட்டைகளைக் கவர்ந்த சமுத்திரத்தோடு வழக்காடிய டிட்டிபப் பறவைகள் இந்த இனம்தான் என்பார்கள். அவற்றுக்குக் கருடன் துணை வந்தது. இன்று டிராக்டர் சக்கரமும் தெருநாயும் முட்டையைத் தேடி வருகையில் துணைக்கு யார் வருவது?

நீங்கள் வரலாமே! ஒகேனக்கல் போகிற வழியில் ஏரிக்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது, இந்தப் பறவை தலைக்கு மேல் கத்தி வட்டமிட்டால், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த முட்டைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.