குழிக்குள் ஆள் இறங்க வேண்டாம்



நாம் கூடுகிற கூட்டங்களில் எல்லாம் நஞ்சில்லா உணவைப் பற்றிப் பேசுகிறோம். மருந்தடிக்கும்போது வயலிலேயே மயங்கி விழுந்தவர்களைப் பற்றியும் பேசுகிறோம். 'நாமதான் இயற்கைக்கு மாறியாச்சே, இனி பண்ணையில ஆபத்துன்னு என்ன இருக்கு?' என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலையில் அந்த எண்ணம் போனது. அன்று நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, தப்பு என்னுடையது. ஆனாலும் அதே குழி உங்கள் தோட்டத்திலும் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வங்கியில் ஓய்வு பெற்றபின் கோபி பக்கம் நாலரை ஏக்கர் வாங்கினேன். பழைய உரிமையாளர் கட்டிவைத்த சாண எரிவாயுக் கலன் ஒன்று அதில் இருந்தது. தீனபந்து மாதிரி. தரைக்கு அடியில் செங்கல் குவிமாடம், ஒரு பக்கம் சாணம் கரைத்து ஊற்றும் தொட்டி, மறுபக்கம் கழிவு வெளியேறும் தொட்டி. அடுப்பில் தீ வரவர மங்கிக்கொண்டே போனது. அடியில் மண்ணும் வண்டலும் சேர்ந்திருக்கும், இறங்கி அள்ளிவிட்டால் சரியாகும் என்றார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணன் தம்பி இருவரையும் அதற்கு வரச்சொன்னேன்.

"ஏனுங்க சார், மூடியத் தூக்கி அரை மணி நேரம் ஆச்சுங்க. இறங்கட்டுங்களா?"

"நாத்தம் போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"சரி, பார்த்து இறங்குப்பா."

நான் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அந்த ஒரு 'பார்த்து' மட்டும்தான். ஏணி பாசி பிடித்து வழுக்கியதால், அண்ணன்காரர் தானாகவே வாளிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியேறும் தொட்டி வழியாக இறங்கினார். அடியில் கெட்டியாக இருந்த வண்டலை மண்வெட்டியால் கிளறினார். குபுகுபுவென்று குமிழி வந்தது. "தலை கிர்ருங்குது" என்று சொன்னவர் அப்படியே சரிந்தார். இதெல்லாம் நடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விளிம்பில் காலை வைத்துவிட்டான். நானும் தடுக்கவில்லை, தடுக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஓடிவந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "டேய், நீயும் போனா தூக்கறதுக்கு ஆளில்லடா! கயித்தப் புடி!" மூன்று பேரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டோம். நினைவில்லை, மூச்சு இருந்தது. 108 வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். ஏணி வழுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கயிறு இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு, மிகக் கொஞ்சமாக ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேன் காற்றைவிட லேசானது, மூடியைத் திறந்தால் மேலே போய்விடும். மற்ற இரண்டும் காற்றைவிடக் கனமானவை. எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் தண்ணீர் போல அடியிலேயே தங்கும். கெட்டிப்பட்ட வண்டலுக்குள்ளும் வாயு அடைபட்டுக் கிடக்கும். கிளறினால் மொத்தமாக வெளியே வரும். அரை மணி நேரம் மூடியைத் திறந்து வைத்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இதில் மோசக்காரன் ஹைட்ரஜன் சல்பைடுதான். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்குக் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். போனது மூக்கின் உணர்வு. 500, 700 என்று ஏறினால் சில நிமிடங்களில் ஆள் விழுவார், 1,000 தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே. 'நாத்தம் போயிருச்சா' என்று நான் கேட்டேனே, அதைவிட ஆபத்தான கேள்வி இந்த வேலையில் கிடையாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பால் பண்ணை ஒன்றில் 1989 ஜூலையில் நடந்ததை அந்நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. சாணக் குழிக்குள் இருந்த கலக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க மகன் இறங்கினார், ஏறும்போது மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க 15 வயதுப் பையன் இறங்கினான். அவனைத் தூக்க அடுத்தவர், பிறகு அடுத்தவர். 65 வயது பண்ணையார், இரண்டு மகன்கள், பேரன், உறவினர் ஒருவர் என்று ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் போனார்கள். மூடிய குழி, தொட்டி போன்ற இடங்களில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அதே நிறுவனம் 1986-இல் எழுதியது. நம் ஊர்ச் செய்தித்தாளில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைப் படிக்கிறோமே, அங்கும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான். வாயுவும் ஏறக்குறைய இதேதான்.

'எங்க தாத்தா காலத்துல கிணத்துக்குள்ள விளக்க எறக்கிப் பார்த்துட்டுத்தானே தூர் எடுத்தாங்க' என்று சிலர் கேட்பீர்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் அரை உண்மை. நல்ல காற்றில் 100-க்கு 20.9 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. 19.5-க்குக் கீழ் போனாலே அந்த இடத்துக்குள் போகக்கூடாது என்பது தொழிற்சாலை விதி. விளக்கு அணைவதோ சுமார் 16-இல். அணைந்தால் இறங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லலாம், எரிந்தால் இறங்கலாம் என்று சொல்ல முடியாது. விளக்குக்கு ஹைட்ரஜன் சல்பைடும் தெரியாது. எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுப் படியில் வைத்து ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடும் தெரியாது, அதற்கு மணமே இல்லை. சாண எரிவாயுக் குழிக்குள் விளக்கை இறக்குவது அதைவிட மோசம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் வெடிக்கும்.

துண்டு கட்டிக்கொண்டு இறங்கலாமா, கொரோனாவுக்கு வாங்கிய முகக்கவசம் போதுமா என்றும் கேட்கிறார்கள். அவை தூசிக்கு. வாயுவைத் தடுக்கவும் செய்யாது, இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவந்து தரவும் செய்யாது.

என் தங்கை மகன் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. விபத்துக்குப் பிறகு வந்து குழியைச் சுற்றிப் பார்த்தான். நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கையுறை, பூட்ஸ், முகக்கவசத்தைப் பெருமையாகக் காட்டினேன். "மாமா, நீங்க பட்டியலக் கடைசியில இருந்து படிக்கிறீங்க" என்றான். தொழிற்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் ஆபத்தைக் கட்டுப்படுத்த ஒரு வரிசை வைத்திருக்கிறார்களாம். முதலில், ஆபத்தையே இல்லாமல் ஆக்க முடியுமா? முடியாவிட்டால், குறைந்த ஆபத்துள்ள வேறொன்றை வைக்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால், ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அதற்குப் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். கையுறை, கவசம் எல்லாம் கடைசி. மேலே இருப்பவை யார் மறந்தாலும் காப்பாற்றும், கீழே இருப்பவை மனுஷன் ஒவ்வொரு தடவையும் நினைவு வைத்தால்தான் காப்பாற்றும் என்றான்.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் வங்கி. பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். யார் நல்லவர், யார் கவனமானவர் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒருவர் தனியாகத் திறக்கவே முடியாதபடி பூட்டைச் செய்திருப்பார்கள். வேலை பார்த்த காலம் முழுவதும் பணத்துக்கு அந்த மரியாதை கொடுத்தேன். கூலிக்கு வந்த ஆளை மட்டும் 'பார்த்து இறங்குப்பா' என்று அனுப்பினேன். அந்த அண்ணன்காரரின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டார்: "உங்க பையனா இருந்தா எறக்கிவிட்டிருப்பீங்களா சார்?" நான் பதில் சொல்லவில்லை.

வரிசைப்படி குழிக்கு வருவோம். ஆள் இறங்காமலே வண்டலை எடுக்க முடியுமா? முடிகிறது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்துக் கரைத்து மேலிருந்தே உறிஞ்சினோம். உறிஞ்சியது எங்கள் வாழைக்கே போயிற்று. செலவு கூலியைவிடக் கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. சேறு இறைக்கும் பம்பு கிடைத்தால் அதுவும் ஆகும். இதைவிட முக்கியம், வண்டல் சேராமல் பார்ப்பது. கட்டுத்தரையில் சாணம் அள்ளும்போது மண்ணும் கல்லும் கூடவே வருகிறது. கரைசலை வலையில் வடித்துவிட்டு ஊற்றுகிறோம். வைக்கோல் நாரும் அதிலேயே நின்றுவிடுகிறது. எப்போதாவது உள்ளே கட்டாயம் ஆள் போக வேண்டிய பழுது வந்தால், வாயு அளக்கும் கருவியும் காற்று ஊதும் விசிறியும் மீட்புக் கயிறும் உள்ள ஆட்கள்தான் செய்ய வேண்டும், நாம் அல்ல. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் 101 அல்லது 112. தீயணைப்புத் துறையினர் முதுகில் காற்று உருளையோடு வருவார்கள். அதுவரை மேலிருந்து கயிறு, கொக்கி எதையாவது போட்டு இழுக்கப் பார்க்கலாம். விளிம்பைத் தாண்டக் கூடாது. தாங்கவே முடியாத நிமிடங்கள் அவை, தெரிந்துதான் சொல்கிறேன்.

இதே கண்ணோடு பண்ணையைச் சுற்றி வந்தபோது மற்றதும் தென்பட்டது. பூச்சி விரட்டிக்குப் புகையிலை, பச்சை மிளகாய், பூண்டு, வேப்பிலையைக் கோமியத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறோமே, அந்தப் புகையிலையில் இருப்பது நிகோடின். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு. இலையில் விளைந்தது என்பதால் அது சாது ஆகிவிடாது. நிகோடின் சல்பேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த நம் நாட்டில் தடையே இருக்கிறது. நான் புகையிலையை விட்டுவிட்டு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலோடு நிறுத்திக்கொண்டேன். என் தோட்டத்தில் விளைச்சல் ஒன்றும் குறையவில்லை. சுண்ணாம்பும் அப்படித்தான். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். நீர்த்த சுண்ணாம்புத் தூளாக வாங்கினால் அந்தக் கொதிப்பே இல்லை. ஆனாலும் தூள் கண்ணை அரிக்கும், கண்ணாடி போடுங்கள். பட்டுவிட்டால் 15 நிமிடமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள். தட்டு வெட்டும் இயந்திரத்துக்கு 'கவனம்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தேன். இப்போது தட்டு தள்ளும் வாய்க்கு, கை நீளத்தைவிட நீளமான தகரக் கூடு வைத்தாயிற்று. கையை விட்டாலும் கத்தி எட்டாது.

குழியின் வெளியேறும் தொட்டிக்கு மேல் இரும்பு வலைக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறோம். மாடு, குழந்தை, நாய் எதுவும் விழாது. இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அன்று இறங்கிய அண்ணன்காரரிடம். அவர் இன்னமும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த வாயு இரும்பை அரிக்கும். முதலில் போட்ட கதவு இரண்டே வருடத்தில் துருவேறிப் பொடிந்தது. இப்போது துத்தநாகம் பூசிய கம்பியில் செய்து, வருடம் ஒருமுறை ஆடிக்கு முன் தட்டிப் பார்த்து வண்ணம் அடிக்கிறோம்.