பறிக்கும் நாளை யார் சொல்வது?



தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கு. அங்கே பந்தல் போட்டு வளர்க்கிற பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பகுதி பழமாகவே சந்தைக்குப் போகுது. கொஞ்சம் ஜூஸ், ஒயின் தயாரிக்கிறவர்களுக்கும் போகுது.

ஒயின் பேச்சு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். குடியால் நம்ம வீடுகள் படும் பாடு தெரிந்ததுதான். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது குற்றமும் கூட. இங்கே நாம் பார்க்கப்போவது, திராட்சை கொடுக்கிற சிறு விவசாயியின் கணக்கை மட்டும்தான்.

சந்தை வியாபாரி குலையின் அழகைப் பார்ப்பார். ஒயின் தயாரிப்பவர் சாற்றின் இனிப்பைப் பார்ப்பார். கையடக்கமான ஒரு கருவியில் சாற்றைச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரிஞ்சிடும். 100 கிராம் சாற்றில் 20 கிராம் சர்க்கரை இருந்தால் 20 பிரிக்ஸ் என்பார்கள். சாறு புளிக்கும்போது அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுது.

மாங்காய், வாழைக்காய் மாதிரி திராட்சையைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. கொடியில் இருக்கும் வரைதான் இனிப்பு ஏறும். அதனால் வாங்குபவர், "இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்பார். அதற்குள் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். வெயில் அடித்தால் சுண்டி எடை குறையும். இனிப்பு கூடினால் அவருக்கு லாபம். கிலோ கணக்கில் பணம் வாங்கும் விவசாயிக்கோ நட்டம்.

கரியமாணிக்கம் பக்கத்தில் கரும்பு போட்டவர்களுக்கு இது புதுசு இல்லை. வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை குறையும் இல்லையா? அதே கதைதான்.

நம்ம குழு காய்கறியோ, பழமோ, பாலோ ஒரே இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் இவற்றை எழுதி வாங்க வேணும்:

1. அறுவடை நாளை யார் முடிவு செய்வது? அவர் தள்ளிப்போட்டால் எடைக் குறைவுக்கு யார் பொறுப்பு?

2. தரத்தை எதை வைத்து அளப்பது? நம்ம கண் முன்னாடி அளப்பார்களா?

3. தரம் கூடினால் விலையும் கூடுமா? எவ்வளவு?

4. கழித்துக் கட்டிய சரக்கு யாருடையது?

5. பணம் எத்தனை நாளில் வரும்?

வாய்ப்பேச்சில் விடாதீங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் படித்துப் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து போடுங்கள்.