சிறில் ரமபோசா: சுரங்கத் தொழிலாளரின் தலைவர் சுரங்கத்தின் பங்காளியான கதை

2014 ஜூலையில் தென்னாபிரிக்காவின் விசேட தூதுவராக சிறில் ரமபோசா இலங்கை வந்தார். அப்போது அவர் அந்நாட்டின் பிரதி ஜனாதிபதி. கொழும்பில் சந்திப்புகளை முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் வந்து, வட மாகாண முதலமைச்சராக இருந்த சி.வி. விக்னேஸ்வரனைச் சந்தித்தார். நிறவெறி ஆட்சியைப் பேச்சுவார்த்தை மேசையில் முடித்துவைத்தவர்களில் ஒருவர் என்பதால் எம்மவர்களிடையே அவர் மீது ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால், அந்தப் பேச்சுவார்த்தைக்குப் பின்னர் அவர் நீண்ட காலம் வணிகராக இருந்தார் என்பது இங்கு அதிகம் பேசப்படவில்லை.

ரமபோசா 1952 இல் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்தார். தந்தை பொலிஸில் பணியாற்றியவர். மாணவர் அரசியலில் ஈடுபட்டதற்காக 1974 இலும் 1976 இலும் தடுத்துவைக்கப்பட்டார். சட்டம் படித்தபின், 1982 இல் உருவான தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளரானார். 1987 இல் அச்சங்கம் நடத்திய மூன்று வார வேலைநிறுத்தத்தில் சுமார் 3 இலட்சம் தொழிலாளர்கள் கலந்துகொண்டனர். பல்லாயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆனாலும், நிறவெறி ஆட்சியின் பொருளாதாரத்தைத் தொழிலாளர்களால் அசைக்க முடியும் என்பதை அது காட்டியது.

1991 இல் ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் பொதுச் செயலாளரான அவர், வெள்ளையர் அரசின் பிரதிநிதி ரோல்ஃப் மேயருடன் பேச்சுவார்த்தை நடத்தினார். 1994 தேர்தலுக்குப் பின் அரசியலமைப்புச் சபைக்குத் தலைமை தாங்கினார். 1996 இல் நிறைவேறிய அரசியலமைப்பில் அவருடைய பங்கு பெரியது. ஆனால், மண்டேலாவுக்கு அடுத்த இடம் தாபோ எம்பெக்கிக்குப் போனது. ரமபோசா பாராளுமன்றத்தை விட்டு வணிகத்துக்குள் நுழைந்தார்.

சில ஆண்டுகளிலேயே அவர் பெரும் செல்வந்தரானது எப்படி? அரசியல் அதிகாரம் கைமாறியபோது சுரங்கங்களும் வங்கிகளும் பெரும்பாலும் பழைய உரிமையாளர்களிடமே இருந்தன. கறுப்பின மக்களுக்கும் பொருளாதாரத்தில் பங்கு வேண்டும் என்று அரசு வலியுறுத்தியது. அதன்படி நிறுவனங்கள் தமது பங்குகளில் ஒரு பகுதியைக் கறுப்பின முதலீட்டாளர்களுக்கு விற்றன. வாங்குபவர்களிடம் பணம் இல்லாததால், பெரும்பாலும் கடன் கொடுத்தே விற்கப்பட்டன. இலாபப் பங்கிலிருந்து அந்தக் கடன் அடைக்கப்பட்டது. அரசியல் செல்வாக்குள்ளவர்களையே நிறுவனங்கள் பங்காளிகளாகத் தேடின. ரமபோசா 2001 இல் தொடங்கிய 'ஷண்டுகா' குழுமம் இந்த வழியில்தான் வளர்ந்தது. மக்டொனால்ட்ஸ் உணவகங்களின் தென்னாபிரிக்க உரிமமும் 2011 இல் அவர் கைக்கு வந்தது. எல்லாமே சட்டப்படி நடந்தவை. ஆனால், சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோரை இந்தச் செல்வம் எட்டவில்லை.

இதன் விளைவு 2012 ஆகஸ்டில் மரிக்கானாவில் தெரிந்தது. லொன்மின் நிறுவனத்தின் பிளாட்டினம் சுரங்கத் தொழிலாளர்கள் மாதம் 12,500 ரேண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ரமபோசா அந்நிறுவனத்தின் பணிப்பாளர்களில் ஒருவர். அவருடைய குழுமத்துக்கு அதில் பங்கும் இருந்தது. முதல் சில நாட்களில் பொலிஸார், காவலாளிகள் உட்பட 10 பேர் கொல்லப்பட்டனர். 15 ஆம் திகதி அவர் அனுப்பிய மின்னஞ்சலில், இதைத் தொழிற்பிணக்காகக் கொள்ளாமல் குற்றச்செயலாகக் கருதி அதற்கேற்ப நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதினார். மறுநாள் பொலிஸார் சுட்டதில் 34 தொழிலாளர்கள் இறந்தனர்.

விசாரணை ஆணைக்குழு, கொலைகளுக்கு ரமபோசா பொறுப்பல்ல என்றது. அதே ஆணைக்குழு, தொழிலாளர்களுக்கு 5,500 வீடுகள் கட்டித்தருவதாக ஒப்புக்கொண்ட லொன்மின், மூன்று வீடுகளையே கட்டியது என்பதையும் பதிவு செய்தது. மின்னஞ்சலில் பயன்படுத்திய மொழிக்காக 2017 இல் அவர் மன்னிப்புக் கேட்டார். 2018 பெப்ரவரியில் ஜனாதிபதியானார்.

அவரை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பதால் எமக்குப் பயனில்லை. தென்னாபிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பற்றி இலங்கை அரசுகள் அடிக்கடி பேசுகின்றன; 2023 இலும் அமைச்சர்கள் அங்கு போய் வந்தார்கள். அந்த அனுபவத்தைப் படிப்பதாயின் மரிக்கானாவையும் சேர்த்தே படிக்க வேண்டும். தீர்வு மேசையில் எமது சார்பில் உட்காருபவர்களிடம், அரசியல் உரிமையோடு காணி, கடல், தொழில் ஆகியவை யார் கைக்குப் போகும் என்றும் இப்போதே கேட்க வேண்டும்.

மரிக்கானாவில் சுடப்பட்டவர்களின் உறவினர்கள் ஒவ்வொரு ஆகஸ்ட் 16 ஆம் திகதியும் அந்தக் குன்றருகே கூடுகிறார்கள். அவர்கள் நீதி கேட்பது, தாங்கள் வாக்களித்துக் கொண்டுவந்த அரசிடம்.